எண்ணெய் மண்ணின் பாசிப் பாய்

கச்சா எண்ணெய் ஒரே பொருள் அன்று. ஆயிரக்கணக்கான சேர்மங்கள் கலந்த அந்தக் கரிய நீர்மத்தின் எடையில் 83 முதல் 87 விழுக்காடு வரை கார்பன். அடுத்த பெரும்பங்கு ஹைட்ரஜன். கந்தகம், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை சிறிதளவே இருக்கும். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள்களை ஹைட்ரோகார்பன்கள் என்பர். அவற்றுள் அணுக்கள் சங்கிலியாகக் கோத்து நிற்கும் ஆல்க்கேன்களை நுண்ணுயிர்கள் ஓரளவு எளிதாகச் சிதைக்கின்றன. வளையங்களாகப் பிணைந்த அரோமாட்டிக் சேர்மங்கள் சிதைவதற்கு நெடுநாள் பிடிக்கும். எண்ணெயின் கனமான பகுதிக்குக் கருமையும் கெட்டித்தன்மையும் தரும் அஸ்ஃபால்ட்டீன்களோ பல ஆண்டுகள் ஏறக்குறைய அப்படியே கிடக்கும்.

இந்தக் கலவை மண்ணில் கொட்டும்போது விளையும் கேட்டுக்கு அதன் நஞ்சு மட்டுமே காரணம் அன்று. மணல் துகள்களின் மேல் எண்ணெய் படிந்ததும் அவை நீரை ஏற்க மறுக்கின்றன; துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் அடைபடுவதால் காற்று உள்ளே செல்வது குறைகிறது; மண்ணில் ஏற்கெனவே வாழும் பாக்டீரியாக்கள் திடீரென்று கிடைத்த இந்தக் கார்பனை உண்ணத் தொடங்கும்போது, அவற்றின் உடலைக் கட்டத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரசும் விரைவில் தீர்ந்துபோகின்றன. மண்ணில் உணவு மலையாகக் குவிந்திருக்கும். ஆனால் அதைச் செரிக்கத் தேவையான காற்றும் உரமும் இருப்பதில்லை. எண்ணெய் கொட்டிய நிலம் நெடுங்காலம் ஆறாத புண்ணாகக் கிடப்பதற்கு இந்தப் பற்றாக்குறையே முதன்மைக் காரணம்.

இத்தகைய நிலத்தில் ஈரமும் வெளிச்சமும் உள்ள இடங்களில், செடிகொடிகள் திரும்புவதற்கு முன்பே, கருத்த மேற்பரப்பின் மீது ஒரு மெல்லிய பச்சைப் படலம் பரவத் தொடங்குவதைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர். அந்தப் படலத்தை உருவாக்கும் உயிர்களே சயனோபாக்டீரியாக்கள். அவை எண்ணெய் மண்ணில் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன, அங்கே என்ன வேலை செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்பனவற்றை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

பாசி என்னும் பெயரில் வாழும் பாக்டீரியா

தமிழில் நீலப்பச்சைப் பாசி என்று வழங்கப்படும் இவ்வுயிர்கள் உண்மையில் பாசி இனத்தைச் சேர்ந்தவை அல்ல. செல்லுக்குள் உட்கரு இல்லாத பாக்டீரியாக்கள் இவை. எனினும் செடிகளைப் போலவே பச்சையம் கொண்டு சூரிய ஒளியைப் பிடித்து, நீரைப் பிளந்து, கரியமில வாயுவிலிருந்து உணவு தயாரித்து, ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. பச்சையத்தோடு ஃபைக்கோசயனின் என்னும் நீல நிறமியும் கலந்திருப்பதால் இந்த நிறம் அமைந்தது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு புவியின் காற்றுமண்டலத்தில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதற்குக் காரணமானவை இவற்றின் மூதாதைகளே.

இவற்றில் தனிச் செல்லாக வாழ்பவையும் உண்டு. செல்கள் வரிசையாகக் கோத்து மயிரினும் மெல்லிய இழைகளாக வாழ்பவையும் உண்டு. ஆசிலட்டோரியா, ஃபார்மிடியம், மைக்ரோகோலியஸ் ஆகியவை இழை வகையைச் சேர்ந்தவை. இவ்விழைகள் தம்மைச் சுற்றிச் சர்க்கரைப் பொருள்களாலான ஒரு வழுவழுப்பான கூழைச் சுரக்கின்றன. எண்ணற்ற இழைகள் இந்தக் கூழினால் ஒட்டிப் பின்னிப் பிணைந்து மண்ணின் மேல் ஒரு விரிப்பாகப் படரும்போது அதை நுண்ணுயிர்ப் பாய் என்று அழைக்கின்றனர். பாயின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். ஆனால் அதற்குள் மேலடுக்கில் சயனோபாக்டீரியா, அதற்கடுத்து ஆக்சிஜனைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள், அடியில் ஆக்சிஜனே இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் எனப் பல குடிகள் அடுக்கடுக்காக வாழ்கின்றன.

சில சயனோபாக்டீரியாக்களுக்குக் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றும் திறனும் உண்டு. நாஸ்டாக், அனபீனா போன்றவற்றில் இதற்கென்றே தடித்த சுவருடைய தனிச் செல்கள் இழையின் இடையிடையே அமைந்திருக்கின்றன. நெல்வயல்களின் வளத்தில் இப்பாசிகளுக்கு உள்ள பங்கை 1939 இல் பி. கே. டே எடுத்துக்காட்டிய பிறகு, இந்திய வேளாண் ஆய்வில் இவற்றுக்குத் தனியிடம் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் அறிஞர் டி. வி. தேசிகாச்சாரி எழுதி 1959 இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட 'சயனோஃபைட்டா' என்னும் பெருநூல், இவற்றை இனங்காண்பதற்கு உலகெங்கும் கையாளப்படும் நூலாக விளங்குகிறது.

வளைகுடாக் கரையில் தெரிந்த பச்சை

எண்ணெய் மண்ணுக்கும் சயனோபாக்டீரியாவுக்கும் உள்ள உறவு உலகின் கவனத்துக்கு வந்தது 1991 ஆம் ஆண்டின் வளைகுடாப் போரை ஒட்டித்தான். அவ்வாண்டு ஜனவரியில் குவைத்தின் ஏற்றுமதி முனையங்களிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவில் கச்சா எண்ணெய் பெருமளவில் கொட்டியது. அதன் அளவு 60 முதல் 80 லட்சம் பீப்பாய் வரை இருக்கலாம் எனப் பல மதிப்பீடுகள் கூறுகின்றன. நீரோட்டம் அதைத் தெற்கே கொண்டுசென்று, சவூதி அரேபியாவின் கஃப்ஜி முதல் அபு அலி தீவு வரையில், குடாவும் கழியும் வளைந்து செல்லும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளக் கரையில் படியவைத்தது. நிலத்திலும் கேடு குறைவாக இல்லை. பின்வாங்கிய ஈராக்கியப் படையினர் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீவைத்தனர். கடைசிக் கிணற்றின் தீ நவம்பர் 6 அன்றுதான் அணைக்கப்பட்டது. அதற்குள் பீறிட்ட எண்ணெய் பாலைவனப் பள்ளங்களில் நூற்றுக்கணக்கான எண்ணெய் ஏரிகளாகத் தேங்கி, ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் நிலத்தை மூடியிருந்தது. காற்றில் பறந்த புகைக்கரியும் எண்ணெய்த் துளிகளும் மணலோடு சேர்ந்து இறுகி, அதைவிடப் பல மடங்கு பரப்பில் கெட்டியான கரிய ஓடாகப் படிந்தன.

ஓராண்டுக்குள், எண்ணெய் படிந்த கரைகளில் நீலப்பச்சைப் பாய்கள் பரவியிருந்ததைக் குவைத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தனர். சோர்கோ, அல்-ஹசன், ரத்வான், ஹோப்னர் ஆகிய நால்வரும் 1992 இல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கட்டுரை, வளைகுடா தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளத் தொடங்கிவிட்டது என்று அறிவித்தது. பாய்களின் கூழுக்குள் எண்ணெயை உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கின்றன என்பதும், அந்தக் கூழ் அவற்றை அலை அடித்துச் செல்லாமல் காக்கிறது என்பதும் அவர்கள் கண்ட செய்தி.

பாய்கள் இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு ஒரு சோகமான காரணமும் உண்டு. வழக்கமாக இக்கரைகளில் நத்தைகளும் நண்டுகளும் பாசியை மேய்ந்து கட்டுக்குள் வைத்திருக்கும். எண்ணெய் அவற்றைக் கொன்றுவிட்டது. மேய்வாரற்ற வெளியில், ஈரமும் வெயிலும் மிகுந்த சேற்றுத் தரையில், சயனோபாக்டீரியா தடையின்றிப் படர்ந்தது. எனவே பச்சை தெரிந்தது என்பதனாலேயே கரை நலம்பெற்றுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

எண்ணெயைத் தின்பது எது?

பாய் படர்ந்த இடத்தில் எண்ணெய் குறைகிறது என்றால், அதைத் தின்பது சயனோபாக்டீரியாவா, அதனோடு வாழும் பிற பாக்டீரியாக்களா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்குள் ஆய்வுலகம் ஒருமுறை வழிமாறிச் சென்று திரும்ப வேண்டியிருந்தது.

வளைகுடாப் போருக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, செர்னிக்லியா, கிப்சன், வான் பாலன் ஆகியோர், ஆசிலட்டோரியா உள்ளிட்ட சில கடல்வாழ் சயனோபாக்டீரியாக்கள் நாப்தலீன் என்னும் இருவளையச் சேர்மத்தை நாப்தாலாக மாற்றுகின்றன என்று காட்டியிருந்தனர். ஆனால் மாற்றப்பட்ட அளவு மிகச் சிறியது. ஒரு மூலக்கூறின் உருவை மாற்றுவதும் அதை உணவாகக் கொண்டு வளர்வதும் வெவ்வேறு செயல்கள். 1990களில் குவைத் ஆய்வாளர்கள், கரையிலிருந்து எடுத்த மைக்ரோகோலியஸ், ஃபார்மிடியம் இழைகள் ஆல்க்கேன்களை நேரடியாகவே உட்கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்கின்றன என்று கருதத் தக்க சான்றுகளை வெளியிட்டனர். அதைத் தொடர்ந்து சயனோபாக்டீரியா எண்ணெய் தின்னும் உயிர் என்ற எண்ணம் நூல்களிலும் இதழ்களிலும் பரவியது.

இங்கே செய்முறை சார்ந்த ஒரு பெரிய இடர் உண்டு. வேறெந்த உயிரும் கலவாமல் ஒரே இனத்தை மட்டும் வளர்த்தெடுப்பதைத் தூய வளர்ப்பு என்பர். இழை வகைச் சயனோபாக்டீரியாவைத் தூய வளர்ப்பாகப் பெறுவது மிகக் கடினம். ஏனெனில் அதன் கூழுறைக்குள் வேறு பாக்டீரியாக்கள் பதுங்கி வாழ்கின்றன, எத்தனை முறை கழுவினாலும் சில தங்கிவிடுகின்றன. தங்கியவை எண்ணெய் தின்பவையாக இருந்தால், அவை செய்த வேலையின் பெருமை சயனோபாக்டீரியாவின் கணக்கில் ஏறிவிடும். 2005 இல் ரயீத் அபெத், யூர்கன் கோஸ்டர் ஆகியோர் ஓர் ஆசிலட்டோரியா வளர்ப்பை எடுத்து, அதனுடன் வாழ்ந்த பாக்டீரியாக்களைத் தனித்தனியே பிரித்துச் சோதித்தபோது, எண்ணெய்ச் சேர்மங்களைச் சிதைத்தவை அந்த உடன்வாழ் பாக்டீரியாக்களே என்று தெரியவந்தது. ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுக் கழிமுகப் பாய்களில் மைக்ரோகோலியஸை ஆராய்ந்தவர்களும் இதே திசையில்தான் சென்றனர்: இழைகளைச் சூழ்ந்த உறைக்குள் எண்ணெயைச் சிதைப்பவையும் நைட்ரஜனை நிலைநிறுத்துபவையுமான பாக்டீரியாக்கள் குடியிருப்பதை அவர்கள் கண்டனர்.

அதனால் சயனோபாக்டீரியாவின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அதன் உண்மையான பணி எது என்பது தெளிவாயிற்று.

பாய் செய்யும் நான்கு பணிகள்

முதற்பணி ஆக்சிஜன் தருவது. பாக்டீரியா ஓர் ஆல்க்கேன் மூலக்கூறைச் சிதைக்கத் தொடங்கும்போது, ஆக்சிஜனேஸ் என்னும் நொதி காற்றிலிருந்து கிடைக்கும் ஆக்சிஜனின் ஓர் அணுவை அந்தச் சங்கிலியின் முனையில் செருகி அதை ஆல்ககாலாக மாற்றுகிறது. ஆல்ககால் ஆல்டிஹைடாகி, கொழுப்பு அமிலமாகி, அதன்பின் பெரும்பாலான உயிர்கள் கொழுப்பைச் செரிக்கும் அதே வழியில் சிதைகிறது. ஆக்சிஜன் இல்லாமலும் எண்ணெய் சிதைவதுண்டு. ஆனால் அது மிகமிக மெதுவானது. ஒரு கிராம் ஆல்க்கேன் முழுமையாகச் சிதைவதற்கு ஏறத்தாழ 3.4 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனோ 8 மில்லிகிராம் அளவுதான். அதாவது ஒரு கிராம் எண்ணெய்க்கு 400 லிட்டருக்கும் மேற்பட்ட நீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் தேவைப்படும். துளைகள் அடைபட்ட ஈர மண்ணுக்கு இவ்வளவு ஆக்சிஜன் வெளியிலிருந்து வந்து சேர்வது அரிது. நண்பகல் வெயிலில் பாயின் மேலடுக்கில், காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் இருப்பதைவிடச் சில மடங்கு மிகுதியான ஆக்சிஜன் உற்பத்தியாகிறது. எண்ணெயும் அதைத் தின்னும் பாக்டீரியாவும் அருகிலேயே இருப்பதால் அது உண்டாகும் இடத்திலேயே பயன்படுகிறது.

இரண்டாவது பணி நைட்ரஜன் தருவது. பாயிலுள்ள சில சயனோபாக்டீரியாக்களும் அவற்றோடு வாழும் வேறு சில பாக்டீரியாக்களும் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதால், கார்பன் மிகுந்து நைட்ரஜன் குறைந்த எண்ணெய் மண்ணின் சமனின்மை ஓரளவு சீராகிறது. 1989 இல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் படிந்த கரைகளில் நைட்ரஜன், பாஸ்பரஸ் உரங்களைத் தெளித்ததன் நோக்கமும் இதுவே. அங்கே மனிதர் கொண்டுசென்று தெளித்த நைட்ரஜனில் ஒரு பகுதியைப் பாய் இருந்த இடத்திலேயே ஆக்கிக்கொள்கிறது.

மூன்றாவது பணி இடம் தருவது. கூழுறை ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, பாக்டீரியாக்களை அலையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்கிறது. நான்காவது பணி உணவு தருவது. சயனோபாக்டீரியா சுரக்கும் கரிமப் பொருள்கள், எண்ணெய் கிடைக்காத காலங்களிலும் அந்தப் பாக்டீரியாக்களை உயிரோடு வைத்திருக்கின்றன.

இவற்றோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சயனோபாக்டீரியா தானே சிறிதளவு ஹைட்ரோகார்பனை உற்பத்தி செய்யும் உயிர். அதற்கான மரபணுக்களை ஓர் அமெரிக்க ஆய்வுக்குழு 2010 இல் இனங்கண்டது. கடலில் மிதந்து வாழும் புரோகுளோரோகாக்கஸ், சினெகோகாக்கஸ் ஆகிய இரு பேரினங்கள் மட்டும் ஆண்டுதோறும் சுமார் 31 கோடி முதல் 77 கோடி டன் வரை ஆல்க்கேன்களை ஆக்குகின்றன என 2015 இல் டேவிட் லீ-ஸ்மித்தும் உடனாய்வாளர்களும் கணித்தனர். இயற்கைக் கசிவுகளாலும் மனிதச் செயல்களாலும் கடலில் சேரும் எண்ணெய் ஆண்டுக்கு 13 லட்சம் டன் அளவே என்பதோடு ஒப்பிட்டால் இதன் பெருமை விளங்கும். இவ்வளவு ஹைட்ரோகார்பனும் கடலில் தேங்காமல் இருப்பதற்குக் காரணம், அதை உண்ணும் பாக்டீரியாக்கள் உடனுக்குடன் அதைச் சிதைத்துவிடுவதே. ஹைட்ரோகார்பன் தின்னும் பாக்டீரியாக்கள் தூய்மையான கடலிலும் குறைந்த எண்ணிக்கையில் நிலைத்திருப்பதும், எண்ணெய் கொட்டியதும் பெருகிவிடுவதும் ஏன் என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

தாங்குபவையும் தாங்காதவையும்

எல்லாச் சயனோபாக்டீரியாக்களும் எண்ணெயைத் தாங்குவதில்லை. எண்ணெய் படிந்த மண்ணில் முதலில் குறைவது இனங்களின் எண்ணிக்கை. நைட்ரஜனுக்கான தனிச் செல்கள் கொண்ட வகைகள் பொதுவாக எளிதில் பாதிக்கப்படுகின்றன; ஃபார்மிடியம், ஆசிலட்டோரியா, மைக்ரோகோலியஸ் போன்ற எளிய இழை வகைகள் நிலைத்திருக்கின்றன. நீரை விரும்பும் கூழுறையில் எண்ணெய் எளிதில் ஒட்டாமல் போவதும், இழைகள் ஊர்ந்து நகர்ந்து எண்ணெய்ப் படிவுக்கு மேலே வெளிச்சத்தை நோக்கி வந்துவிடுவதும் அவற்றுக்குத் துணையாகின்றன. ஒரு நிலத்தில் எந்த வகைகள் எஞ்சியிருக்கின்றன, எவை மறைந்தன என்பதைக் கணக்கெடுத்து அந்த மண்ணின் நலத்தை மதிப்பிட முடியும் என்பதால், சயனோபாக்டீரியா ஒரு சுட்டுயிரியாகவும் பயன்படுகிறது.

பாலைவன மண்ணில் நிலை சற்று வேறு. அங்கே சயனோபாக்டீரியா மணலை ஒட்டிப்பிடித்து மெல்லிய மண்பொருக்காக வாழ்கிறது. பனியோ சிறு மழையோ ஈரம் தரும் நாள்களில் மட்டுமே விழித்தெழுகிறது. ஓமான் பாலைவனத்தின் இத்தகைய பொருக்குகளிலும் எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி உறங்கிக் கிடக்கும் ஒரு சமூகம் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஊறிய எண்ணெயைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

பாயே தடையாகும்போது

சவூதிக் கரையின் சேற்று நிலங்களையும் உவர்ச் சதுப்புகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஜெர்மானியப் புவியியலாளர் ஹான்ஸ்-யோர்க் பார்த், பாயின் மறுபக்கத்தையும் பதிவு செய்தார். சில இடங்களில் கோடை வெயிலில் பாய் காய்ந்து, அப்பளத்தைப் போல ஓரம் சுருண்டு பெயர்ந்து, அடியில் ஒட்டிய எண்ணெய் மண்ணையும் பெயர்த்தெடுத்தது. காற்றும் அலையும் அதை அகற்ற, கீழே இருந்த மண் மீண்டும் வெளிப்பட்டது. வேறு சில இடங்களில் அடுக்கடுக்காக வளர்ந்த பாய் தோலைப் போலத் தடித்து மண்ணை முற்றிலும் மூடியது. அங்கே காற்று கீழே இறங்கவில்லை; பாய் தரும் ஆக்சிஜன் அதன் மேல் சில மில்லிமீட்டருக்குள்ளேயே தீர்ந்துவிட்டது; வளை தோண்டும் நண்டுகள் திரும்பி வர இடமில்லாமல் போயிற்று. நண்டு வளைகள்தான் சேற்று நிலத்தின் ஆழத்துக்குக் காற்றையும் நீரையும் கொண்டுசெல்லும் குழாய்கள். அவை இல்லாத இடங்களில், பத்தாண்டுகளுக்குப் பின்னும் சில சென்டிமீட்டர் ஆழத்தில் எண்ணெய் ஏறக்குறைய புதிதாகவே இருந்தது.

ஒரே உயிர் ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் தடையாகவும் அமைவதற்குக் காரணம், அதன் வேலை முழுவதும் மேற்பரப்பில் நடைபெறுவதே. வெளிச்சம் செல்லும் ஆழம் வரையில்தான் சயனோபாக்டீரியாவின் ஆட்சி. அதற்குக் கீழே நண்டு, புழு, வேர் ஆகியவை திரும்பாமல் மண் மீள்வதில்லை.

மனிதர் செய்யக்கூடியது

இவ்வளவையும் அறிந்த பின், எண்ணெய் மண்ணைச் சீர்செய்ய சயனோபாக்டீரியாவை எவ்வாறு பயன்படுத்தலாம் என்ற கேள்விக்கு நிதானமான விடை கூற முடியும். ஆய்வகத்தில் வளர்த்த ஒரே இனத்தைக் கொண்டுவந்து தூவுவதால் பெரும்பயன் இல்லை; எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்களோடு சேர்ந்த கூட்டமாக, அதுவும் அந்த மண்ணிலேயே பிறந்து அதன் உப்பையும் வெப்பத்தையும் தாங்கப் பழகிய கூட்டமாக இருந்தால்தான் அது நிலைக்கும். திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் அமைந்த தேசியக் கடல்சார் சயனோபாக்டீரியா மையம், சாராய ஆலைக் கழிவின் கரிய நிறப் பொருள், ஃபீனால் போன்ற ஆலைக் கழிவுநீர்ப் பொருள்களின் மீது ஆசிலட்டோரியா, ஃபார்மிடியம் இனங்கள் செயல்படும் விதத்தை ஆராய்ந்தது. எண்ணெய் மண் ஆய்வுக்குத் தேவையான இனத்தொகுப்பும் பயிற்சி பெற்ற கைகளும் தமிழ்நாட்டில் உள்ளன என்பதற்கு அந்த மையம் சான்று.

களப்பணியில் கைக்கொள்ள வேண்டிய நெறிகளும் தெளிவாக உள்ளன. தேங்கிய எண்ணெயை முதலில் அள்ளி எடுக்க வேண்டும். எந்த நுண்ணுயிரும் அந்த வேலையைச் செய்யாது. கனரக வாகனங்களை ஓட்டி, எண்ணெயை ஆழத்துக்கு மிதித்து அழுத்திவிடக் கூடாது. மெல்லிய பாய் படர்ந்துள்ள இடத்தைச் சுரண்டாமல் விட வேண்டும்; தடித்த பாய் மண்ணை அடைத்த இடத்தில் அதைக் கிளறி, கால்வாய் வெட்டி, நீரோட்டத்தையும் நண்டுகளையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய எண்ணூர்க் கழிமுகம் போன்ற சேற்று நிலங்களுக்கும் இந்த நெறி பொருந்தும்.

1991 போரின் இழப்புகளுக்காக ஐக்கிய நாடுகள் அவையின் இழப்பீட்டு ஆணையம் 2022 இல் தன் பணியை முடித்தபோது வழங்கியிருந்த தொகை 52.4 பில்லியன் டாலர். அதில் ஒரு பகுதி சுற்றுச்சூழலைச் சீர்செய்வதற்கானது. அந்தப் பணத்தில் குவைத்தின் எண்ணெய் மண்ணை அகழ்ந்து தூய்மைப்படுத்தும் வேலை, போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் தீரவில்லை. சயனோபாக்டீரியா தன் பங்கைச் செய்திருக்கிறது. அதன் பங்கு சில மில்லிமீட்டர் ஆழத்தோடு முடிகிறது. இயற்கை தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்ற நம்பிக்கையை, எண்ணெயைக் கொட்டுவோருக்கான மன்னிப்பாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்ணில் எண்ணெய் கொட்டாமல் காப்பதே இன்றும் எல்லாவற்றிலும் விரைவான, மலிவான, உறுதியான தீர்வு.